யார் வைத்த கை?

விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூரில், அபிராமேசுவரர் கோயிலைப் பற்றிப் பேசுகிறவர்கள் வட்டப்பாறையைச் சொல்லாமல் விடமாட்டார்கள். கொடுக்கல் வாங்கலில் தகராறு, பங்காளிச் சண்டை என்றால் அந்தக் கல்லின் முன் வந்து சத்தியம் செய்வது இந்தப் பக்கத்து வழக்கம். அங்கே பொய்ச் சத்தியம் செய்தவர் தப்ப மாட்டார் என்பது நம்பிக்கை. பத்திரமும் முத்திரைத்தாளும் வருவதற்கு முன்னால் மனிதர் தன் சொல்லுக்குத் தன் உடம்பையே ஈடு வைத்த காலத்தின் மிச்சம் அது.

அதுபோன்ற நம்பிக்கையைத் தன் அலுவலுக்குப் பயன்படுத்திக்கொண்டவர் ஓர் ஆங்கில அதிகாரி. 1858 ஜூலையில், வங்காளத்தின் ஜங்கிப்பூரில், சாலை போடச் சரளை கொண்டுவர ராஜ்யதர் கோனாய் என்பவரோடு வில்லியம் ஹெர்ஷல் ஓர் ஒப்பந்தம் எழுதினார். கையெழுத்தோடு விடவில்லை. கோனாயின் கையில் மையைத் தடவி, தாளின் பின்பக்கத்தில் உள்ளங்கை முழுவதையும் அழுத்தச் சொன்னார். ரேகை ஆளுக்கு ஆள் மாறும் என்பதெல்லாம் அப்போது ஹெர்ஷலுக்குத் தெரியாது. பின்னால் 'இது என் கையெழுத்தே இல்லை' என்று மறுக்கத் துணியாதபடி ஆளை மிரட்டி வைப்பதுதான் நோக்கம் என்று அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். வட்டப்பாறை செய்யும் வேலையைத் தாளில் செய்து பார்த்தார் என்று சொல்லலாம். இன்று ரேஷன் கடை முதல் விமான நிலையம் வரை நம் விரலைக் கேட்கும் தொழில்நுட்பத்தின் தொடக்கங்களில் ஒன்று அந்த ஒப்பந்தத் தாள்.

இப்போது நம் காலத்தில், மை தடவிய உள்ளங்கைகள் தாளில் பதியும் இன்னோர் இடத்துக்கு வருவோம்.

பொள்ளாச்சியில் பிறந்த கல்கி சுப்ரமணியம் கவிஞர், ஓவியர். 2011-இல் வந்த 'நர்த்தகி' படத்தில் நடித்தவர். திருநங்கையர் உரிமைகளுக்காக 'சகோதரி' என்ற அமைப்பை நடத்துபவர். அவர் தொடங்கிய கலைத் திட்டத்தின் பெயர் 'ரெட் வால்', அதாவது சிவப்புச் சுவர். திருநங்கைகளும் திருநம்பிகளும் தங்களுக்கு நேர்ந்த வன்முறையை ஒரு தாளில் தாங்களே எழுதுகிறார்கள். பிறகு உள்ளங்கையில் சிவப்புச் சாயத்தைப் பூசி, அந்தத் தாளிலேயே பதிக்கிறார்கள். அப்படிச் சேர்ந்த தாள்களெல்லாம் அடுக்கடுக்காகச் சுவரேறி, காட்சிக்கு வைக்கப்படுகின்றன.

கோனாயின் கையும் கைதான். சிவப்புச் சுவரில் பதிந்ததும் கைதான். முன்னது ஆளைக் கட்டிப்போட எடுத்த அச்சு. பின்னது கட்டை அவிழ்க்க வைத்த அச்சு. ஒரே உறுப்பு நேர் எதிரான இரண்டு வேலைகளைச் செய்வது எப்படி? அதற்கு விடை தேடும் முன், அந்த ரேகை என்பதே என்ன, எப்படி உண்டாகிறது என்று பார்த்துவிட வேண்டும். அது தனியாகவே ஓர் அதிசயக் கதை.

கருவில் எழும் அலை

கரு உருவாகி ஏழாவது வாரத்தையொட்டி, விரல் நுனிகளில் சிறு மேடுகள் புடைக்கின்றன. பத்தாவது வாரத்துக்கு மேல் அந்த மேடுகளின் தோலுக்கு அடியில் வரிகள் கிளம்பத் தொடங்குகின்றன. பதினேழாவது வாரவாக்கில் அமைப்பு பெரும்பாலும் முடிவாகிவிடும். தாயின் வயிற்றில் பாதிக் காலம் முடிவதற்குள் எழுதப்பட்டது சாகும்வரை மாறுவதில்லை.

வரிகள் விரல் முழுவதும் ஒரே நேரத்தில் தோன்றுவதில்லை. மூன்று இடங்களில் கிளம்புகின்றன: மேட்டின் நடுவில், நகத்தின் ஓரத்தில், கடைசிக் கணுவின் மடிப்பில். குளத்தில் மூன்று கற்களை முன்னும் பின்னுமாக எறிந்தால் மூன்று வட்ட அலைகள் விரிந்து ஒன்றையொன்று முட்டுமே, அதுபோல இந்த வரிகளும் பரவி, சந்திக்கும் இடத்தில் ஒன்றுக்கொன்று வழிவிட்டு வளைகின்றன. எந்த அலை முதலில் கிளம்பியது, மேடு எவ்வளவு உயரம், நடுவில் இருக்கிறதா சாய்ந்திருக்கிறதா என்பதைப் பொறுத்து சுழியோ கண்ணியோ வில்லோ அமைகிறது. ரேகை சாஸ்திரக்காரர்கள் சங்கு, சக்கரம் என்று பலன் சொல்வது இந்த வடிவங்களைத்தான். பலன் எதுவும் அதில் இல்லை. எந்த அலை முந்தியது என்ற பழைய வரலாறு மட்டும் இருக்கிறது.

வரி ஏன் உண்டாக வேண்டும்? 2023-இல் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'செல்' இதழில் இதற்கு விடை வெளியிட்டார்கள். தோலின் செல்கள் இரண்டு வகைச் செய்திகளை அனுப்புகின்றன. 'டபிள்யூ.என்.டி.' என்ற புரதச் செய்தி 'இங்கே வளர்' என்கிறது. 'பி.எம்.பி.' என்ற செய்தி 'இங்கே வேண்டாம்' என்கிறது. வளரச் சொல்லும் இடத்தில் மேடு. தடுக்கும் இடத்தில் பள்ளம். இரண்டும் மாறி மாறி நிற்பதால் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் இடைவெளியில் வரி வரியாக வந்துவிடுகிறது. இந்த ஆய்வில் இன்னொரு வியப்பும் உண்டு. ரேகை வரியின் தொடக்கம், ஒரு மயிர்க்கால் முளைக்கும்போது நடப்பதைப் போன்றதே. மயிர்க்கால் கீழ்நோக்கி இறங்கி வேர் பிடிக்கும். ரேகை பாதியிலேயே நின்றுவிடுகிறது. மயிராக ஆகாமல் நின்ற முயற்சிதான் நம் அடையாளம்.

மரபணுக்கள் எழுதித் தருவது விதியை மட்டும்தான், வடிவத்தை அல்ல. எந்தச் செய்தி எவ்வளவு வேகமாகப் பரவும் என்பது விதி. எந்த வரி எங்கே கிளைக்கும், எங்கே முறியும் என்பது அந்தக் கணத்தின் சின்னஞ்சிறு வேறுபாடுகளைப் பொறுத்தது. அதனால்தான் ஒரே மரபணுத் தொகுதியோடு பிறக்கும் இரட்டையருக்கும் ரேகை வேறாக இருக்கிறது. ஒரே ஆளின் பத்து விரல்களுக்கும் பத்து விதம்.

ரேகையை அழிப்பதும் எளிதல்ல. வரியின் அச்சு மேல்தோலில் இல்லை, அதன் அடியில் இருக்கிறது. கரும்பு வெட்டியும் செங்கல் அறுத்தும் சிமென்ட் குழைத்தும் தேய்ந்துபோன விரல்களை நியாய விலைக் கடைக் கருவி ஏற்க மறுப்பதுண்டு. வேலை ஓய்ந்து தோல் ஆறினால் பழைய வரியே மேலெழும்பும். பிறவியிலேயே ரேகை இல்லாத சிலரும் உலகில் உண்டு. சுவிட்சர்லாந்தின் ஒரு குடும்பத்தை ஆராய்ந்தபோது, ஒரே ஒரு மரபணுவில் உள்ள மாற்றம்தான் காரணம் என்று 2011-இல் தெரிந்தது. அமெரிக்க எல்லையில் அந்தக் குடும்பத்துப் பெண் ஒருவரை அதிகாரிகள் உள்ளே விடத் தயங்கியதால், 'குடிவரவுத் தாமத நோய்' என்று மருத்துவர்கள் அதற்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். அவர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கருவிக்குத்தான் சந்தேகம்.

கணக்குப் போட்டவரின் கதை

இந்த 'வளர், நில்' விளையாட்டை ஆய்வுக்கூடத்தில் பார்ப்பதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே தாளில் கணக்காகப் போட்டுவிட்டார் ஒருவர். அவர் ஆலன் டூரிங். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் ரகசியச் செய்திகளை உடைத்தவர், கணினி அறிவியலின் தந்தையரில் ஒருவர் என்று நாம் அறிந்த அதே டூரிங்.

ஒரு துளி மையை நீரில் விட்டால் அது பரவிக் கரைந்து ஒரே நிறமாகிவிடும். பரவுதல் என்றால் வேறுபாட்டை அழிப்பது என்பதுதான் எல்லாருடைய அனுபவமும். டூரிங் நேர்மாறான ஒன்றைக் காட்டினார். இரண்டு வேதிப்பொருள்கள் ஒன்றையொன்று தூண்டியும் தடுத்தும் வேறு வேறு வேகத்தில் பரவினால், ஒரேமாதிரி இருந்த கலவையிலிருந்து புள்ளிகளும் கோடுகளும் தாமாகவே எழும். முன்வரைபடம் வேண்டாம், மேஸ்திரி வேண்டாம். வரிக்குதிரையின் வரி, சிறுத்தையின் புள்ளி என்று இன்று இயற்கையில் பல இடங்களில் இந்தக் கணக்கைத் தேடுகிறார்கள். அந்தக் கணக்கு உறுதியாகப் பொருந்திய இடங்களில் ஒன்று நம் விரல் நுனி.

டூரிங்கின் அந்தக் கட்டுரை வெளியானது 1952 ஆகஸ்டில். அதே ஆண்டு மார்ச்சில், ஆணோடு உறவு கொண்ட குற்றத்துக்காக ஒரு நீதிமன்றம் அவருக்குத் தண்டனை விதித்திருந்தது. சிறைக்குப் பதிலாக ஹார்மோன் ஊசியை அவர் ஏற்க வேண்டியதாயிற்று. உயிரினங்கள் தம் வடிவத்தைத் தாமே எப்படிக் கண்டடைகின்றன என்று எழுதிய மனிதரின் உடம்பை, அரசு வேதிப்பொருள் கொண்டு மாற்றிக்கொண்டிருந்தது. 1954 ஜூனில், 41 வயதில் இறந்தார். 2013-இல் அரச மன்னிப்பு வந்தது. அதே காலனிய ஒழுக்கம் நமக்கு விட்டுப்போன இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவு, மனமொத்த வயதுவந்தோரைத் தண்டிக்காது என்று நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2018 செப்டம்பர் 6 அன்று.

ரேகைச் சட்டம்

இந்தியாவில் அரசு மனிதரைப் பட்டியலிட்ட கதைக்கும் இதில் பங்கு உண்டு. 1871-இல் ஆங்கிலேயர் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அதன் முதல் பகுதி சில சமூகங்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்றது. அதைப் பலரும் அறிவர். இரண்டாம் பகுதியை அவ்வளவாகப் பேசுவதில்லை. வட இந்தியாவில் அமலான அந்தப் பகுதி, அரவாணிகள் என்று நாம் அழைத்துவந்தவர்களைப் பதிவேட்டில் ஏற்றச் சொன்னது. பதிவேட்டில் உள்ளவர் பெண்ணுடை அணிந்து பொது இடத்தில் தோன்றினாலோ ஆடினாலோ இசைத்தாலோ தண்டனை. உடையும் ஆட்டமும் இசையுமே குற்றமாயின. கலை அவர்களுக்குப் பிழைப்பாகவும் முகமாகவும் இருந்ததால் சட்டம் நேராகக் கலையின் மேல் கைவைத்தது.

பதிவேட்டோடு ரேகையும் சேர்ந்தது அதற்குப் பிறகு. 1897-இல் கல்கத்தாவில் கைரேகைக் கூடம் தொடங்கப்பட்டது. ரேகைகளை 1024 அறைகளாகப் பிரித்துத் தேடும் முறைக்கு உலகம் எட்வர்ட் ஹென்றியின் பெயரைக் கொடுத்தது. அதன் கணக்கை வகுத்தவர்கள் அஜிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியக் காவல்துறையினர். ஒவ்வோர் ஆளையும் தனித்துக் காட்டும் முறையைக் கண்டுபிடித்தவர்களின் பெயரே பின்னால் போனது.

தமிழ்நாட்டில் குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு மக்கள் வைத்த பெயர் 'ரேகைச் சட்டம்'. உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்துத் திரண்ட மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை சுட்டது. 16 பேர் இறந்தார்கள். மையில் விரலை வைப்பது வலிக்கும் வேலை அல்ல. ஆனாலும் அதற்காக உயிரைக் கொடுத்தார்கள் என்றால், அந்த மை என்ன சொல்கிறது என்பது அவர்களுக்கு நன்றாகப் புரிந்திருந்தது: உன் கையை நான் எடுத்துக்கொள்கிறேன், நீ யார் என்பதை இனி நான் எழுதுவேன்.

உண்மையில் ரேகைக்கு அந்தத் தகுதி கிடையாது. பத்து லட்சம் பேரில் இவர் எந்த ஆள் என்று அது சொல்லும். இவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லாது. குற்றவாளியா, நல்லவரா, எந்தச் சாதி என்பதெல்லாம் அதில் இல்லை. பாலினமும் இல்லை. பெண்களின் விரலில் வரிகள் சராசரியாகச் சற்று நெருக்கமாக இருக்கும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சராசரி என்பது கூட்டத்தைப் பற்றிய பேச்சு. ஒரே ஒரு ரேகையைக் காட்டி 'இது ஆண், இது பெண்' என்று அடித்துச் சொல்ல அதனால் முடியாது. 'எந்த ஆள்' என்ற கேள்விக்கான விடையை 'யார் இவர்' என்ற கேள்விக்கு விடையாகக் காட்டியதுதான் அந்தச் சட்டத்தின் தந்திரம்.

சிவப்பு ஏன்? கை ஏன்?

கையைப் பதிப்பது மனிதர் செய்த மிகப் பழைய ஓவியங்களில் ஒன்று. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில், பாறையில் கையை வைத்து அதைச் சுற்றிச் சாயத்தை ஊதிய ஓர் உருவம் குறைந்தது 39,900 ஆண்டுப் பழமையானது என்று 2014-இல் கணித்தார்கள். அர்ஜென்டினாவில் 'கைகளின் குகை' என்றே ஒரு குகை இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலைப் பாறைகளிலும் பழங்கால மனிதர்களின் செஞ்சாய ஓவியங்கள் இன்னும் மங்கலாகத் தெரிகின்றன. அந்தச் சிவப்பு பெரும்பாலும் காவிக்கல், அதாவது இரும்பு ஆக்சைடு. அது ஏற்கெனவே முழுதாகத் துருவாகிவிட்ட இரும்பு. காற்றும் வெயிலும் செய்யக்கூடியதை எல்லாம் செய்து முடித்துவிட்டதால், மேற்கொண்டு அதைக் கெடுக்க அவற்றுக்கு எதுவும் மிச்சமில்லை. மற்றச் சாயங்கள் பல போன பிறகும் இந்தச் சிவப்பு நிற்பது அதனால்தான்.

குகையில் கை வைத்தவரை யாரும் வற்புறுத்தியதற்கான தடயமில்லை. 'நான் இங்கே இருந்தேன்' என்று சொல்லும் பதிவாகவே அதை வாசிக்கத் தோன்றுகிறது. கல்கியின் சிவப்புச் சுவர் ஹெர்ஷலின் தாளை விட்டுவிட்டு அந்தக் குகைக்குப் போகிறது. அதோடு நிற்காமல் ஹெர்ஷலின் ஆயுதத்தையும் பிடுங்கிக்கொள்கிறது. காவல் நிலையத்தில் புகாராக ஏற்கப்படாத சம்பவம் இங்கே எழுத்தாகிறது, எழுதியவரே கீழே ரேகையும் வைக்கிறார். அது வாக்குமூலம்தான், யாரும் மிரட்டி வாங்காத வாக்குமூலம்.

இதில் ஓவியத் திறமை எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. சமகாலக் கலையின் பெரிய மாற்றமே இதுதான்: கலைஞர் உருவத்தை வரைந்து தர வேண்டியதில்லை, ஒரு செயலை அமைத்துக் கொடுத்தாலும் போதும். யார் பேசுவது, எந்தப் பொருளில் பேசுவது, யார் முன்னால் நின்று படிப்பது என்று தீர்மானிப்பதில் கலைஞரின் திறமை இருக்கிறது. காலங்காலமாக மற்றவர்கள் திருநங்கைகளை வரைந்தார்கள், படம் பிடித்தார்கள், கேலிப் பாத்திரமாக நடித்துக் காட்டினார்கள். இங்கே வரையப்பட்டவரே வரைபவராகிவிட்டார்.

பெங்களூரில் பூர்ணிமா சுகுமார் 2016-இல் தொடங்கிய 'அரவாணி ஆர்ட் புராஜெக்ட்' இதையே தெருச்சுவரில் செய்கிறது. திருநங்கைகளும் மற்றப் பெண்களும் சேர்ந்து பெரிய பெரிய முகங்களை, பளிச்சென்ற வண்ணங்களில், நகரத்தின் நடுவே வரைகிறார்கள். விரட்டப்பட்ட தெருவிலேயே சாரம் கட்டி ஏறி நின்று வரையும்போது, கீழே போகிறவர் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது. 2024 வெனிஸ் கலைக் கண்காட்சியின் சுவர் ஒன்றிலும் அந்தக் குழுவின் ஓவியம் இடம்பெற்றது.

அந்தக் குழுவின் பெயருக்கு ஊற்று விழுப்புரத்துப் பக்கம்தான். 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்து, இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் கூவாகத்தில், சித்திரை மாதம் கூத்தாண்டவர் திருவிழா. களபலியாகப் போகும் அரவானை மோகினியாக வந்து மணந்தவன் கண்ணன் என்பது கதை. திருநங்கைகள் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் தாலி அறுத்து வெள்ளை உடுத்துகிறார்கள். திருவிழாவையொட்டி விழுப்புரம் நகரில் அழகிப் போட்டியும் கலை நிகழ்ச்சிகளும் களைகட்டும். தங்கள் உடலைத் தாங்களே ஒப்பனை செய்து, தாங்களே மேடை ஏறி, தங்கள் பெயரைத் தாங்களே சொல்லும் அந்தச் சில நாட்கள் கோயில் வழக்கமாகவும் இருக்கின்றன, கலையாகவும் இருக்கின்றன.

விதியும் விடுதலையும்

ரேகையின் அறிவியல் பாலினத்தைப் பற்றி எதையும் நிரூபிக்கவில்லை. டூரிங்கின் கணக்கைக் கொண்டு ஒருவர் தன்னைப் பெண்ணாக உணர்வதை விளக்கவும் முடியாது. அப்படி விளக்கினால் அது சங்கு சக்கரப் பலன் சொல்வதைப் போலத்தான் முடியும். ஆனால் உடம்பைப் பற்றி நாம் வைத்திருக்கும் ஒரு பழைய எண்ணத்தை அது உடைக்கிறது. பிறக்கும்போதே எல்லாம் வார்ப்பில் ஊற்றியதுபோல் முடிவாகிவிட்டது என்று நினைக்கிறோம். மிகவும் மாறாதது என்று நாம் நம்பும் ரேகைகூட வார்ப்பில் வந்ததல்ல. பொதுவான விதிக்குள், எங்கும் எழுதி வைக்கப்படாத ஒரு தனி வடிவம் தானாக எழுந்தது.

சட்டமும் மெதுவாக அந்தப் பக்கம் திரும்பியது. தமிழ்நாடு 2008-இல் திருநங்கையர் நல வாரியம் அமைத்தது. 2014 ஏப்ரல் 15 அன்று, தன் பாலினம் எது என்பதைச் சொல்லும் உரிமை அந்த ஆளுக்கே உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து ஆண்டு கழித்து வந்த 2019 சட்டமோ, அதற்கு மாவட்ட ஆட்சியர் தரும் சான்றிதழைக் கொண்டுவந்து வைத்தது. சொல்பவர் நீ, எழுதுபவர் நான் என்ற பழைய பழக்கம் அவ்வளவு எளிதில் போவதாக இல்லை.

ஆகவே ஹெர்ஷலின் தாளுக்கும் சிவப்புச் சுவருக்கும் உள்ள வேறுபாடு மையிலும் இல்லை, கையிலும் இல்லை. கையைப் பிடித்து அழுத்தியது யார் என்பதில் இருக்கிறது. பிறர் எடுத்தால் அது அடையாளம் காட்டும் சான்று. தானே வைத்தால் அது தன்னைச் சொல்லும் பேச்சு. சமகாலக் கலை இந்த ஒரு மாற்றத்தைச் செய்து காட்டினாலே போதும், அது தன் கடமையைச் செய்துவிட்டது.

சித்திரையில் விழுப்புரத்துக்கும் கூவாகத்துக்கும் போகிற கூட்டத்தில் பாதிப் பேர் கையில் செல்போனோடு போகிறார்கள். கேட்காமல் எடுக்கும் ஒவ்வொரு படமும் 1858-இன் தாளில் இன்னொரு பதிவுதான். படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள், பெயரைக் கேளுங்கள், அவர்கள் சொல்லும் பெயரையே எழுதுங்கள்.